ஒவ்வாமை தராத கோதுமை எங்கே கிடைக்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்குப் பதினான்கு வயது. வியாசர்பாடியில் ஃபுட்பால் கோச்சிங் போகிறான். ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பரோட்டாவோ, பர்மா நூடுல்ஸான அத்தோவோ சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போன நாட்களில், ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது. ஒருமுறை உதடு வீங்கி, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். மாமியார் காணாக்கடி என்கிறார். மெடிக்கலில் வாங்கிய அலர்ஜி மாத்திரையில் அடங்கியிருக்கிறது. இந்த நிலைமையில், மரபணு மாற்றி ஒவ்வாமையே வராத கோதுமையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ பார்த்திருக்கிறீர்கள். அது எங்கே கிடைக்கும், பயமில்லாமல் கொடுக்கலாமா, இல்லையென்றால் மாமியார் சொல்வதுபோல சம்பா கோதுமைக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேட்டது மாவைப் பற்றிதான். ஆனால் பிள்ளை விளையாடவும் வேண்டும், சாப்பிடவும் வேண்டும், எந்தத் தைரியத்தில் அனுப்புவது என்ற தவிப்பும் அதற்குள் இருக்கிறது. இரண்டுக்கும் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பயிர் உயிரித்தொழில்நுட்பம் படித்து, கோதுமைப் புரதங்களில் ஆராய்ச்சி செய்து, இப்போது பல வருடங்களாக ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாவிலும் பிஸ்கட்டிலும் குளூட்டன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் அன்றாட வேலை. தண்டையார்பேட்டையில் வளர்ந்ததால் உங்கள் பையன் எந்த மாதிரிக் கடையில் என்ன சாப்பிட்டிருப்பான் என்றும் தெரியும். ஆகவே கோதுமையைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் மகனுக்கு என்ன நோய் என்பதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

நேரடிப் பதில் இது: ஒவ்வாமையைக் குறைப்பதற்காக மரபணு மாற்றிய கோதுமை உலகத்தில் எந்த நாட்டுக் கடையிலும் விற்பனையில் இல்லை. ஆய்வகத்திலும் பரிசோதனை வயலிலும் இருக்கிறது, உண்மைதான். வீடியோவில் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் காட்டியது பெரும்பாலும் வேறொரு நோய்க்கான கோதுமையாகத்தான் இருக்கும். இந்த வித்தியாசம் புரியாமல் காத்திருந்தால் உங்கள் மகனுக்குப் பயன் இல்லை.

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிற ஆட்களுக்கெல்லாம் ஒரே கோளாறு கிடையாது. ஒரு பக்கம் உண்மையான ஒவ்வாமை. கோதுமையின் ஏதோ ஒரு புரதத்தை எதிரியாக நினைத்து உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்திருக்கும்; அடுத்த முறை அந்தப் புரதம் உள்ளே போனால் நிமிடங்களிலோ ஒன்றிரண்டு மணி நேரத்திலோ தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று வெடிக்கும். இன்னொரு பக்கம் சீலியாக் நோய். இது ஒவ்வாமையே இல்லை. குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே மெல்ல மெல்ல அரித்துவிடும். வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, குழந்தை வளராமல் நிற்பது என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தெரியவரும். இந்த இரண்டிலும் சேராமல், கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, மந்தமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் மூன்றாவது கூட்டம். இவர்களில் பலருக்குக் குளூட்டனைவிட கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிதான் காரணம் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. இந்தப் பகுதியில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, முதல் வகையில் ஒரு தனி ரகம். கோதுமை மட்டும் சாப்பிட்டாலும் ஒன்றுமில்லை, ஓட்டம் மட்டும் ஓடினாலும் ஒன்றுமில்லை, இரண்டும் சேர்ந்தால் மட்டும் உடம்பு கொந்தளிக்கும். மருத்துவத்தில் இதற்கு நன்றாகத் தெரிந்த பெயரும் விளக்கமும் இருக்கின்றன. பெரும்பாலானவர்களிடம் இதைக் கிளப்புவது ஒமேகா-5 கிளையடின் என்ற ஒரே ஒரு புரதக் குடும்பம். உடற்பயிற்சி செய்யும்போது குடலின் தடுப்பு தளர்ந்து, வழக்கத்தைவிட அதிகமான புரதம் ரத்தத்தில் கலக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஆனால் அது இன்னும் முழுசாக நிரூபிக்கப்படவில்லை. ஓட்டம் மாதிரியே ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் இதைத் தூண்டும் என்பது உறுதி. கால் வலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு விளையாடப் போகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பொதுவாகச் செய்யும் கோதுமை ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையில் இந்த ரகம் தப்பிப்போக வாய்ப்பு இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பரிசோதனைக்கான சாற்றில் ஒமேகா-5 கிளையடின் சரியாகக் கரைந்து வருவதில்லை. ஒமேகா-5 கிளையடினுக்கு என்றே தனியாக ஐஜிஇ பரிசோதனை இருக்கிறது. டாக்டரிடம் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: ‘ஃபுட் சென்சிடிவிட்டி’ என்று நூறு உணவுப் பெயர்களைப் போட்டு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளை அளந்து கொடுக்கும் பேக்கேஜ்களில் பணத்தைப் போடாதீர்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் எதற்கும் ஐஜிஜி இருக்கத்தான் செய்யும். அது நோயைக் காட்டாது.

சரி, இப்போது கோதுமைக்குள் போவோம். மாவில் சுமார் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் புரதம். அந்தப் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன். குளூட்டன் என்பது ஒரே பொருள் கிடையாது. கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு பெரிய கூட்டங்கள். பரோட்டா மாஸ்டர் மாவைத் தூக்கி வீசும்போது கிழியாமல் துப்பட்டா மாதிரி விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது கிளையடின். விட்டதும் சுருங்கி வருகிற பிடிப்பைக் கொடுப்பது குளூட்டெனின். இரண்டும் சேர்ந்தால்தான் மாவு மாவாக நடந்துகொள்ளும். இந்தப் புரதங்களில் குளூட்டமின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிக அதிகம். நம் வயிற்று நொதிகளால் புரோலின் நிறைந்த இடங்களை வெட்ட முடிவதில்லை. அதனால் நீளமான துண்டுகள் செரிக்காமலே குடல்வரை போய்ச் சேர்கின்றன. 33 அமினோ அமிலம் நீளமுள்ள அப்படி ஒரு துண்டை 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். சீலியாக் நோயாளிகளின் குடலை மிகக் கடுமையாகத் தூண்டும் துண்டு அதுதான்.

அப்படியென்றால் அந்தக் கெட்ட மரபணுவை வெட்டி எறிந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஒரு மரபணுவாக இருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். ரொட்டிக் கோதுமை மூன்று புல் இனங்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒன்றோடொன்று கலந்து உருவானது; அவை கொடுத்த மூன்று பங்குகளை ஏ, பி, டி என்பார்கள். 42 குரோமோசோம், சுமார் 1,600 கோடி எழுத்து நீளமுள்ள மரபுத்தொகுதி. மனிதனுடையதைப்போல ஐந்து மடங்கு. அதன் முழு வரைபடம் 2018-இல்தான் கைக்கு வந்தது. கிளையடின் மரபணுக்கள் அதில் பல குரோமோசோம்களில், பத்துப் பத்தாக, கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசத்தோடு கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கலப்பினம் செய்து நீக்குவது நடக்கிற காரியம் இல்லை. மரபணுத் தொழில்நுட்பம் இதில் நுழைந்ததற்கு உண்மையான காரணம் இதுதான்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பெயர் ஸ்பெயினின் கோர்டோபாவில் இருக்கும் ஃபிரான்சிஸ்கோ பாரோவின் குழு. முதலில் அவர்கள் ஆர்என்ஏ குறுக்கீடு என்ற முறையில், கிளையடின் மரபணுக்களை அப்படியே விட்டுவைத்து அவற்றின் பேச்சை மட்டும் அமுக்கினார்கள். அது 2010-இல் வெளியானது. அதற்கு வெளியிலிருந்து ஒரு மரபணுத் துண்டைக் கோதுமைக்குள் நிரந்தரமாக வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் 2018-இல் கிரிஸ்பர் என்ற வெட்டும் கருவியைக் கொண்டு ஆல்ஃபா கிளையடின் மரபணுக்களை நேராகவே வெட்டினார்கள். மொத்தம் 45 மரபணுக்களில், ஒரு வரிசையில் (ஒரே வழியில் வந்த செடிகளில்) 35 மாற்றப்பட்டிருந்தன. ஆன்டிபாடி சோதனையில் அந்த மாவின் தூண்டும் திறன் 85 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய கருவியைப் பின்னால் கலப்பினத்தில் கழற்றிவிட முடியும், ஆகவே வெளி மரபணு எதுவும் மிஞ்சாது. ‘அலர்ஜி இல்லாத கோதுமை’ என்று வீடியோக்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கமாக இந்த 85 சதவீதத்தைத்தான்.

என் வேலையே இந்த எண்களில்தான் என்பதால் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். ‘குளூட்டன் இல்லை’ என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டுமென்றால், உலக அளவிலான கோடெக்ஸ் தரப்படியும் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படியும் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. சாதாரணக் கோதுமை மாவில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 80,000 மில்லிகிராம் இருக்கும். சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு என்று வையுங்கள், அதில் சுமார் 2,400 மில்லிகிராம். தூண்டும் திறன் 85 சதவீதம் குறைந்தது என்பதைக் குளூட்டனே அந்த அளவு குறைந்ததாகத் தாராளமாக எடுத்துக்கொண்டாலும், மிச்சம் 360 மில்லிகிராம். சீலியாக் நோயாளிகளுக்குத் தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்ததில் குடல் பாதிக்கப்பட்டது என்று இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் காட்டிவிட்டது. ஆக ஒரே ஒரு சப்பாத்தியில் அதைப்போல ஏழு மடங்கு. 85 சதவீதம் என்பது ஆராய்ச்சியில் பெரிய சாதனை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சீலியாக் உள்ள ஒரு குழந்தையின் தட்டில் வைப்பதற்கு அது போதாது. முன்னால் சொன்ன ஆர்என்ஏ குறுக்கீட்டில் கிளையடினை அமுக்கிய கோதுமையில் செய்த ரொட்டியை, சீலியாக் இல்லாமல் கோதுமை ஒத்துக்கொள்ளாத மூன்றாவது கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு ஸ்பெயினில் நடந்திருக்கிறது. அவர்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் இருந்தது. சின்ன ஆய்வு, குறுகிய காலம். நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான்.

ஆராய்ச்சியின் பெரும்பகுதி ஏன் சீலியாக் பக்கம் போகிறது என்றால், உலகத்தில் அந்த நோயாளிகள் அதிகம். நம் நாட்டிலேயே 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், வட இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 1.2 பேர், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் என்று வந்தது. நோய்க்கு வழிவிடும் பரம்பரைக் கூறு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. வித்தியாசம் சாப்பிடும் கோதுமையின் அளவில். சவுகார்பேட்டையில் தலைமுறைகளாக ரொட்டி சாப்பிடும் குடும்பங்களையும், இப்போது நம் வீடுகளில் சர்க்கரை வியாதிக்காகத் தினமும் ராத்திரி சப்பாத்தி என்று மாறியிருப்பதையும் பார்க்கும்போது, தெற்கில் இந்த எண் இப்படியே நிற்குமா என்ற கவலை எனக்கு உண்டு.

உங்கள் மகனுடைய பிரச்சினை நான் நினைப்பதுபோல ஒமேகா-5 என்றால், நிலைமை இதைவிடக் கொஞ்சம் நல்லது. ஒமேகா-5 கிளையடின் மரபணுக்கள் அங்கங்கே சிதறிக் கிடப்பதில்லை. 1பி என்ற ஒரே குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு கொத்தாக இருக்கின்றன. கொத்தைத் தூக்கினால் வேலை முடிந்த மாதிரி. அமெரிக்க வேளாண் துறையின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் சூசன் ஆல்டன்பாக் குழுவினர் ‘பியூட் 86’ என்ற ரகத்தில் இந்தப் புரதத்தை அமுக்கிக் காட்டினார்கள். மாவின் தரம் கெடவில்லை. அப்புறம் இதே நோய் உள்ளவர்களின் ரத்தத்தை எடுத்து அந்த மாவுப் புரதத்தோடு சோதித்தபோது, சிலருடைய எதிர்வினை நன்றாகக் குறைந்தது. ஆனால் வேறு சிலருடைய ரத்தம் மற்ற கோதுமைப் புரதங்களைப் பிடித்துக்கொண்டது. ஒரு புரதத்தை நீக்கினால் எல்லாருக்கும் தீராது என்பதற்கு இதுவே சாட்சி.

ஜப்பானில் ஷிமானே பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்னொரு வழி பிடித்தார்கள். அந்தக் குரோமோசோம் துண்டே இல்லாத ஒரு கோதுமை வரிசையை எடுத்து, ‘ஹொக்குஷின்’ என்ற சாகுபடி ரகத்தோடு பலமுறை கலப்பு செய்து, ஒமேகா-5 இல்லாத கோதுமையை உருவாக்கினார்கள். இதில் மரபணுப் பொறியியல் எதுவும் கிடையாது, பழைய கலப்பினம்தான். ஏற்கெனவே ஒவ்வாமை முற்றிய ஆளுக்குக் கொடுப்பதைவிட, புதிதாக ஒவ்வாமை பிறக்காமல் தடுப்பதில் இதற்குப் பலன் அதிகம் என்பது என் எண்ணம். எனக்கு இந்தத் திசைதான் மிகவும் பிடித்தது. யாருக்கும் மருந்தாக விற்காமல், எல்லாரும் சாப்பிடும் சாதாரண மாவிலேயே ஒரு மோசமான புரதம் சத்தமில்லாமல் இல்லாமல் போவதுபோல ஒரு நல்லது வேறென்ன இருக்கிறது? அரசு ஆராய்ச்சி நிலையங்கள் செய்ய வேண்டிய வேலை இது, கம்பெனிகள் தாங்களாகச் செய்ய மாட்டார்கள்.

மரபணு மாற்றினால் அதனாலேயே புது ஒவ்வாமை வராதா என்றும் கேட்டிருந்தீர்கள். வர முடியும். 1990-களில் சோயா பயறின் சத்தைக் கூட்டுவதற்காகப் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றை அதில் வைத்தார்கள். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தோடு சோதித்தபோது அந்தச் சோயாவையும் அது பிடித்துக்கொண்டது. கொட்டையின் ஒவ்வாமைப் புரதமே சோயாவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. 1996-இல் முடிவு வெளியானது, அந்தச் சோயா சந்தைக்கே வரவில்லை. ஆக ஆபத்து கற்பனை இல்லை, அதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இருக்கிறது. குறைந்த கிளையடின் கோதுமையில் வெளிப் புரதம் எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதைக் குறைக்கிறார்கள்; அந்த விதத்தில் கவலை குறைவு. இருந்தாலும் ஒரு புரதத்தைக் குறைத்தால் செடி சும்மா இருப்பதில்லை, வேறு புரதங்களைக் கூட்டி ஈடு செய்கிறது. கூடிய புரதங்களில் ஒவ்வாமை தருவது எதுவும் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரிசையிலும் பார்த்தாக வேண்டும். நிறைய பேருக்கு, நிறைய நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு இன்னும் நடக்காததால், பயமில்லாமல் கொடுக்கலாம் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மரபணு மாற்றாத கோதுமையும் விபரீதம் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பானில் முகம் கழுவும் ஒரு சோப்பில், கோதுமைப் புரதத்தை அமிலத்தில் வேகவைத்து உடைத்துச் சேர்த்திருந்தார்கள். அதைத் தினமும் முகத்தில் தேய்த்த 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை பிறந்தது. 2011 வாக்கில் விஷயம் பெரிதானது. அதுவரை நன்றாகக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். உணவாக வாய் வழியாகப் பழகிய ஒன்று, தோல் வழியாகப் போனால் எதிரியாகிவிடுகிறது. தோலில் கரப்பான் உள்ள சின்னக் குழந்தைகளுக்குக் கோதுமை மாவு கலந்த குளியல் பொடி தேய்ப்பது எனக்கு இதனால்தான் பிடிக்காது.

இந்தியாவில் எப்போது என்று கேட்டால், தேதி சொல்ல வழியில்லை. ஆனால் பாதை எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். வணிகமாக இங்கே விளையும் மரபணு மாற்றுப் பயிர் 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டும்தான். பி.டி. கத்தரிக்காய் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள், அது உச்ச நீதிமன்றத்தில் போய் 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் வேறுவேறாகத் தீர்ப்பு சொன்னார்கள். ஆர்என்ஏ குறுக்கீட்டுக் கோதுமை வந்தால் இந்த முள்பாதையில்தான் நடக்க வேண்டும். ஆனால் கிரிஸ்பர் மாதிரி கருவியால் வெட்டி, வெளி மரபணு மிஞ்சாமல் திருத்திய பயிர்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு அந்தக் கடும் விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவிக்கவும் செய்தார்கள். எனவே கிரிஸ்பர் கோதுமைக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. வெளிநாட்டில் மரபணு மாற்றுக் கோதுமை என்று உண்மையில் விளைவது அர்ஜென்டினா 2020-இல் அனுமதித்த எச்பி4. அது வறட்சி தாங்குவதற்காகச் செய்தது, ஒவ்வாமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கதவு திறந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. குறைந்த கிளையடின் கோதுமை பார்வைக்குச் சாதாரணக் கோதுமை மாதிரியேதான் இருக்கும். வயலில், லாரியில், குடோனில், மில்லில் எங்கே கலந்தாலும் தெரியாது. நம் தெருவில் இருக்கும் மாவு மில்லை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே கல்லில் அடுத்தவர் கேழ்வரகைக் கொட்டுகிறார். சீலியாக் உள்ளவர்கள் வீட்டில் மில்லில் அரைத்த கேழ்வரகு மாவையே நம்ப முடியாது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பது வழக்கம் என்பதால் சாம்பாரையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகனுக்குச் சீலியாக் இல்லையென்றால் இந்த அளவு நுணுக்கம் தேவைப்படாது, பெரும்பாலும் கணிசமான அளவு சாப்பிட்டுவிட்டு ஓடும்போதுதான் அவனுக்குச் சிக்கல். அதை டாக்டர் உறுதி செய்யட்டும்.

சம்பா கோதுமைக்கு வருகிறேன். இப்போது கிடைக்கும் கோதுமை எல்லாமே மரபணு மாற்றியது, அதனால்தான் இந்த நோய்கள், பழையதற்குத் திரும்பினால் சரியாகும் என்று பலர் நம்புகிறார்கள். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைகள் கலப்பினத்தில் வந்தவை. எம்.எஸ். சுவாமிநாதன் காலத்தில் டெல்லியில் காமா கதிர் பாய்ச்சி உருவாக்கி 1967-இல் வெளியான ‘சர்பதி சோனோரா’கூட இன்றைய பொருளில் மரபணு மாற்றுப் பயிர் ஆகாது. குளூட்டன் அளவு நூறு வருடத்தில் ஏறிவிட்டது என்பதற்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்கப் பதிவுகளை அலசிய ஒருவர் 2013-இல் அப்படி எதையும் காண முடியவில்லை என்று எழுதினார். கப்ளி, சம்பா என்று விற்கும் பழைய கோதுமைகளில் ரொட்டிக் கோதுமையின் மூன்றாவது பங்காளியான டி மரபுத்தொகுதி கிடையாது. சீலியாக்கைத் தூண்டும் அந்த 33 நீளத் துண்டு அந்தப் பங்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே தூண்டல் சற்றுக் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் குளூட்டன் உண்டு, சீலியாக்குக்கு ஆகாது. உங்கள் மகன் விஷயத்தில் இந்த யோசனை இன்னும் தப்பு. ஒமேகா-5 வருவது பி பங்கிலிருந்து. அது சம்பாவிலும் இருக்கிறது. மாமியாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது. உதடு வீங்கியதும் தலை சுற்றியதும் சாதாரணக் காணாக்கடி இல்லை, அடுத்த முறை இதைவிட மோசமாகப் போகலாம். இந்த வாரமே ஒவ்வாமை பார்க்கும் டாக்டரிடமோ, ஸ்டான்லி மாதிரி பெரிய அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ காட்டுங்கள். எந்த நாளில் என்ன சாப்பிட்டான், எத்தனை நேரம் கழித்து ஓடினான், என்ன மாத்திரை போட்டிருந்தான் என்று தெரிந்தவரை எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் சொல்லாமல் கோதுமையை முழுக்க நிறுத்திவிடவும் வேண்டாம். சீலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். டாக்டரைப் பார்க்கும் வரை கோச்சிங் உள்ள நாளில் காலையிலிருந்து கோதுமை கிடையாது. அப்புறமும் விளையாடுவதற்கு முன் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு, அவனுக்கு எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். விளையாடி முடித்த கையோடும் கொடுக்காதீர்கள். இட்லி, தோசை, புட்டு, கூழ், வாழைப்பழம் எதையும் கொடுக்கலாம். ரவை, சேமியா, பன், பிஸ்கட், ரஸ்க் எல்லாம் கோதுமைதான். ரவையை வேறு தானியம் என்று நினைத்து ரவா உப்புமா கொடுத்துவிடும் வீடுகளை நான் நிறைய பார்த்திருக்கிறேன். பீச் ஸ்டேஷன் பக்கம் விற்கும் அத்தோவின் நூடுல்ஸும் மைதா.

கோச்சிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள். தடிப்பு தொடங்கியதும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். தலை சுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார்ந்தே இருக்கட்டும். இந்த நிலையில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அரிப்பை அடக்கும், ரத்த அழுத்தம் விழுவதைத் தடுக்காது. இத்தனை நாள் மாத்திரையில் அடங்கியதால் இனிமேலும் அடங்கும் என்று இருந்துவிடாதீர்கள். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். ஒமேகா-5 என்று வந்தாலும், வேறு புரதம் என்று வந்தாலும், எந்தெந்த உணவில் அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரிந்தவரை உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.